மட்டாஞ்சேரி யூதத் தெருவுக்கு ஞாயிறு முதல் வியாழன் வரை

கொச்சி மட்டாஞ்சேரியில் யூதத் தெருவை வழிகாட்டியோடு நடந்து பார்ப்பதாக இருந்தால், ஞாயிறு முதல் வியாழனுக்குள் ஒரு காலை நேரத்தைப் பிடியுங்கள். நடையைக் கடைகளில் தொடங்காமல், தெருக்கோடியில் இருக்கும் பரதேசி யூத ஆலயத்தில் தொடங்கச் சொல்லுங்கள்.

யூதர்களின் ஓய்வுநாள் வெள்ளி மாலை தொடங்கி சனி மாலை வரை. அதனால் வெள்ளி, சனியை நம்பிப் போனால் ஆலயம் பூட்டியிருக்கும். பக்கத்து டச்சு அரண்மனைக்கும் வெள்ளி விடுமுறை. ஆலயத்துக்கு மதிய இடைவேளையும் உண்டு. மசாலாக் கடைகளிலும் பழம்பொருள் கடைகளிலும் நின்று நின்று போனால், ஆலயத்தை அடையும்போது கதவு சாத்திவிடுவார்கள். அப்புறம் வழிகாட்டிக்குக் கொடுத்த பணத்தில் பாதி வீண்தான்.

1568-ல் கட்டிய அந்த ஆலயத்தின் தரையைத்தான் நிதானமாகப் பார்க்க வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கும் இடமெல்லாம் சீனாவிலிருந்து வந்த வெள்ளை ஓடுகள், நீலத்தில் கையால் வரைந்தவை. குனிந்து பாருங்கள், தூரிகை ஓடிய தடம் தெரியும். வெளியே வந்ததும் மணிக்கூண்டில் ஹீப்ரு எண்களைத் தேடிப் பார்க்கலாம்.

தெருவும் கடைகளும் போதும் என்பவர்களுக்கு எந்தக் கிழமையும் சரிதான். ஆனால் செப்டம்பர், அக்டோபரில் யூதப் பண்டிகைகள் அடுத்தடுத்து வரும். அப்போது ஞாயிறு, வியாழன் கணக்கு உதவாது, முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.