பெரியவரைக் காப்பாற்றப் போய் நாம் செய்கிற தவறுகள்

வயதானவர் ஒருவரை யாரோ கொடுமைப்படுத்துகிறார்கள் என்று சந்தேகம் வந்ததும், பலரும் கூட இருப்பவர் பக்கத்தில் நிற்கும்போதே "உங்களை நல்லா பார்த்துக்குறாங்களா?" என்று கேட்டுவிடுகிறார்கள். பாவம், அவர் வேறு என்ன சொல்வார்? நீங்கள் கிளம்பிய பிறகு ஒரு வாய் தண்ணீருக்கும் அதே ஆளைத்தானே கேட்க வேண்டும். தனியாகப் பேச வழி பாருங்கள். ஒவ்வொரு தடவையும் ஒருவர் குறுக்கே வந்து அவருக்காகப் பதில் சொல்கிறார், தனியே விடுவதே இல்லை என்றால் அதையே ஓர் அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், காயம் இருக்கிறதா என்று மட்டும் தேடுவது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் ஏறத்தாழ 6 பேரில் ஒருவர் ஓர் ஆண்டுக்குள் ஏதாவது ஒரு கொடுமையை அனுபவிக்கிறார். அதில் திட்டு, மிரட்டல், அவமானம் என்று மனதை நோகடிப்பதுதான் அதிகம், அடுத்து பணத்தைச் சுரண்டுவது. இவை உடம்பில் தெரியாது. கலகலப்பாக இருந்தவர் ஒடுங்கிப்போவது, திடீரென்று உயில் மாறுவது, கையில் பணமிருந்தும் மருந்து வாங்காமல் கிடப்பது, படுக்கைப் புண்ணுக்கு யாருமே மருந்து போடாமல் இருப்பது, இதையெல்லாம் கவனியுங்கள்.

காயம் தெரிந்தாலும் "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். உண்மைதான், தோல் மெலிந்திருக்கும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவருக்கு லேசாக இடித்தாலே கன்றிப்போகும். ஆனால் தானாக இடித்துக்கொண்டது பெரும்பாலும் கைகால்களில்தான் இருக்கும். முகத்தில், கழுத்தில், முதுகில் கன்றியிருந்தாலோ, மேல்கையில் விரல் பதிந்தாற்போல் இருந்தாலோ, எப்படி ஆனது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னாலோ மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

எனக்கு ரொம்பவும் மனம் கொதிக்கிற தவறு, மறதி நோய் உள்ளவர் சொல்வதை உளறல் என்று தள்ளுவது. அவருக்குத் தேதியும் பெயரும் குழம்பலாம், அதனால் அடி விழவே இல்லை என்று ஆகிவிடாது. யார் உள்ளே வந்ததும் உடம்பைக் குறுக்கிக்கொள்கிறார் என்று பாருங்கள்.

கோபத்தில் நேராகப் போய்ச் சம்பந்தப்பட்டவரிடம் சண்டை பிடிக்காதீர்கள். அந்த ஆத்திரம் ராத்திரி பெரியவர் மேல்தான் திரும்பும், அடுத்த தடவை உங்களை வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் உடனே போலீஸ். இல்லையென்றால் பார்த்ததைத் தேதியோடு எழுதி வையுங்கள், அவர் சம்மதித்தால் படமும் எடுங்கள், பிறகு மருத்துவரிடமோ சமூகநலப் பணியாளரிடமோ போங்கள். நிரூபணம் கையில் கிடைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம், சந்தேகம் இருந்தாலே சொல்லலாம், விசாரிப்பது அவர்கள் வேலை.

அவரைக் கேட்காமல் எல்லாவற்றையும் நாமே முடிவு செய்வதும் தவறுதான். தெளிவாக யோசிக்க முடிகிற பெரியவர் "இப்ப வேண்டாம், அவன் என் பிள்ளை" என்றால் அந்தத் தயக்கத்துக்கும் மதிப்புக் கொடுங்கள், யாரைக் கூப்பிடலாம் என்று ஓர் எண்ணை மட்டும் கையில் கொடுத்துவிட்டு அடுத்த வாரமும் போய்ப் பாருங்கள், அதற்கடுத்த வாரமும்.