90 கி.மீ. உட்கார வேண்டும்: ட்ரையத்லானுக்கு சைக்கிள் சீட்டைச் சரிசெய்யும் முறை

தர்மபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக ஒகேனக்கல் 46 கி.மீ. போய்த் திரும்பினால் 92. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்துச் செய்யும் ட்ரையத்லானில் ஒரு வகையான அயர்ன்மேன் 70.3 போட்டியில் 1.9 கி.மீ. நீச்சலுக்கும் 21.1 கி.மீ. ஓட்டத்துக்கும் நடுவே வரும் சைக்கிள் தூரம் 90. ஒகேனக்கல் போய்வந்த தெம்பில் பேர் கொடுத்துவிட்டு, போட்டியில் 60 கி.மீ. தாண்டியதும் சீட்டில் நெளிகிறவர்கள் நிறைய. மலைப்பாதையில் ஏற்றத்தில் பின்னால் நகர்கிறோம், வளைவில் எழுந்து மிதிக்கிறோம், இறக்கத்தில் சீட்டைவிட்டு எழும்புகிறோம். உடம்பு தானாகவே இடம் மாற்றிக்கொள்கிறது. சமதளத்தில் ஏரோபாரில் (ஹேண்டில்பாரில் மாட்டும், முன்னால் நீண்ட கைப்பிடி) முழங்கையை ஊன்றிக் குனிந்துவிட்டால் மூன்று மணி நேரம் எடை ஒரே இடத்தில்தான் இறங்கும்.

உடனே ஜெல் கவர் வாங்கப் போகாதீர்கள். கையால் அமுக்கிப் பார்க்க மெத்தென்று இருக்கும். உட்கார்ந்தால் எலும்பு அதில் அமிழும், நடுவிலிருக்கும் ஜெல் மேலே பிதுங்கி, கவட்டிலுள்ள நரம்பையும் ரத்தக்குழாயையும் அழுத்தும். முதல் 10 கி.மீ. சொகுசு, அப்புறம் மரத்துப்போகும். எடை சதையில் இறங்காமல் எலும்பில் நிற்கிறதா என்பதுதான் முக்கியம். மெத்தையின் தடிமனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: அகலம்

கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழப் பெட்டிக்குப் பஞ்சமில்லை. நெளி அட்டையில் ஒரு துண்டு வெட்டி, கல் திண்ணையிலோ படிக்கட்டிலோ வையுங்கள். மெல்லிய டவுசரோடு அதன்மேல் உட்கார்ந்து, குதிகாலைக் கொஞ்சம் தூக்கி, முழங்கைகளைத் தொடையில் ஊன்றிக் குனிந்து ஒரு நிமிடம் இருங்கள். எழுந்ததும் அட்டைமேல் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்தால் பள்ளங்கள் இரண்டிலும் சுண்ணாம்பு ஒட்டாது. அந்த இரண்டின் மையத்திலிருந்து மையத்துக்கு அளந்து, 20 முதல் 25 மி.மீ. கூட்டுங்கள். 120 மி.மீ. வந்தால் 140-145 மி.மீ. அகலமுள்ள சீட் பொருந்தும்.

இந்தக் கணக்கு சாதாரண ரோடு சைக்கிளுக்கு. ஏரோபாரில் குனிந்தால் இடுப்பெலும்பு முன்னால் சுழல்கிறது. எடை பின்னாலுள்ள அந்த இரண்டு முனைகளைவிட்டு, முன்னோக்கி ஒடுங்கிப் போகும் எலும்புக் கிளைகளுக்கு வந்துவிடுகிறது. ட்ரையத்லான் சீட்டுகளின் மூக்கு, அதாவது முன்முனை, குட்டையாகவும், நடுவில் பிளந்து இரண்டு கிளையாகவும் இருப்பது இதற்காகத்தான். அதில் முன்பக்கமாக உட்கார வேண்டும். பழக்கதோஷத்தில் பின்னால் தள்ளி உட்கார்ந்தால் அகலமான பகுதி தொடையில் உரசும், 'சீட் சரியில்லை' என்று விற்றுவிடத் தோன்றும். ஏரோபார் போடாதவர்களுக்குப் பிளவு மூக்கு தேவையில்லை. நடுவில் குழியுள்ள சீட் போதும்.

படி 2: உயரம்

வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நின்று, கெட்டி அட்டை நோட்டைக் கவட்டில் அழுத்திப் பிடித்து, தரையிலிருந்து அதன் மேல்விளிம்பு வரை அளக்கவும். அதை 0.883 ஆல் பெருக்கினால், கிராங்க் அச்சின் (பெடல் தண்டுகள் சுற்றும் அச்சு) மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரையான உயரம் கிடைக்கும். 80 செ.மீ. என்றால் 70.6 செ.மீ. இது தொடங்கும் இடம் மட்டும்தான். சரிபார்க்க, சுவரைப் பிடித்தபடி சீட்டில் உட்கார்ந்து, பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வையுங்கள். கால் நீட்டமாக எட்ட வேண்டும்; இடுப்பு ஒருபக்கம் சாயக் கூடாது.

புதிதாக வருகிறவர்களில் பலர் சீட்டை அதிக உயரத்தில் வைக்கிறார்கள், பார்க்க ரேஸ் சைக்கிள் மாதிரி இருக்கிறதே என்று. அப்படி வைத்தால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இடமும் வலமும் ஆடும். நிமிடத்துக்கு 85 சுற்று என்றால் ஒரு மணி நேரத்தில் 5,100 தடவை அதே தோல் அதே விளிம்பில் உரசுகிறது. எந்தக் கிரீமும் இதற்கு நிற்காது.

படி 3: சாய்வு

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்று போதும். முதலில் அதைத் தரையில் வையுங்கள். நம் வீட்டு வாசலெல்லாம் தண்ணீர் வடியச் சரிவாகத்தான் போட்டிருக்கும். அங்கே சைக்கிளை நிறுத்தி சீட்டை மட்டம் பார்த்தால் கணக்கே தப்பு. கூடத்துக்குள் கொண்டுபோங்கள்.

ஒரு தட்டையான அட்டையைச் சீட்டின்மேல் நீளவாக்கில் வைத்து, அதன்மேல் ரசமட்டம். முதலில் சரிமட்டம். ஏரோபாரில் குனிந்ததும் முன்பக்கம் அழுத்தினால் மூக்கை 1 டிகிரி இறக்குங்கள். 25 செ.மீ. நீளத்துக்கு 4 மி.மீ. சொச்சம் இறங்கினால் அது ஏறக்குறைய 1 டிகிரி. 3 டிகிரிக்கு மேல் போக வேண்டியிருந்தால் சீட்டே பொருந்தவில்லை, அல்லது ஹேண்டில்பார் மிகத் தாழ்வாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அளவுக்கு மீறி இறக்கினால் உடம்பு முன்னால் வழுக்கும். கையும் தோளும் அதைத் தடுத்துக்கொண்டே இருந்து சோர்ந்துவிடும். சீட்டைச் சரிசெய்த பிறகு உள்ளங்கை மரத்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

முன்பின் நகர்த்துவதும் உயரத்தைத் தொடும். 10 மி.மீ. முன்னால் தள்ளினால் பெடலுக்கான தூரம் சுமார் 3 மி.மீ. குறையும், அந்த அளவு உயர்த்திவிடுங்கள். ஒரு தடவைக்கு ஒரே மாற்றம்: உயரமோ முன்பின்னோ 2-3 மி.மீ., அல்லது சாய்வு 1 டிகிரி. மாற்றிய பிறகு இரண்டு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்தது. சீட்டை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் போல்ட்டை அதன்மேல் அச்சிட்டிருக்கும் நியூட்டன் மீட்டர் அளவுக்கே முறுக்குங்கள். சரியான இடம் கிடைத்ததும் சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட்டில் இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று ஒட்டினால், ஸ்பீடு பிரேக்கர் அதிர்வில் போஸ்ட் இறங்கியது கண்ணுக்குத் தெரியும்.

படி 4: துணியும் பூச்சும்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றுக்கும் போடும் ஒரே உடையான ட்ரைசூட்டுக்குள் ஜட்டி வேண்டாம். அதன் தையல்தான் முதலில் கிழிக்கும். ட்ரைசூட்டின் பேட் (கவட்டில் தைத்திருக்கும் மெத்தை), சாதாரண சைக்கிள் டவுசரின் பேடைவிட மெல்லியது. நீச்சல் முடிந்து ஈரமாகவே ஏற வேண்டும், பிறகு ஓடவும் வேண்டும் என்பதற்காக அப்படி. தடித்த பேடில் பழகிவிட்டுப் போட்டியன்று மட்டும் ட்ரைசூட் போட்டால் சீட் வேறொன்றாகத் தெரியும். நீண்ட பயிற்சி சிலவற்றையாவது ட்ரைசூட்டோடு செய்யுங்கள். கிளம்பும் முன் இடுப்பில் நாலு சொம்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போங்கள். நீச்சல்குளம் பக்கத்தில் இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல ஒத்திகை இல்லை. ஒகேனக்கலில் நீந்திப் பார்க்கலாமே என்று மட்டும் நினைக்காதீர்கள். ஆற்றில் சுழலும் உண்டு, முதலையும் உண்டு.

பெட்ரோலியம் ஜெல்லி நெல்லிக்காய் அளவு எடுத்து, தொடை இடுக்கிலும் பேடின் விளிம்பு படும் தோலிலும் நீச்சலுக்கு முன்பே தடவுங்கள். தண்ணீரில் எளிதில் கரையாது. தேங்காய் எண்ணெய் நம் வெயிலில் சீக்கிரம் ஓடிவிடும்.

படி 5: ஓட்டிப் பார்ப்பது

ஒகேனக்கல் பாதை காலுக்கு நல்லது. சீட்டைச் சோதிக்க உதவாது. அதற்குச் சீராகப் போகும் சாலை வேண்டும், ஆனால் தேசிய நெடுஞ்சாலை 44-இல், குறிப்பாகத் தொப்பூர் கணவாயில், ஏரோபாரில் குனிய வேண்டாம். கை பிரேக்கில் இருக்காது, பின்னால் லாரி வரும். லாரி குறைந்த சாலையில் விடியற்காலையில் ஓட்டுங்கள், அல்லது வீட்டில் ட்ரெய்னரில் (சைக்கிளை நின்ற இடத்திலேயே ஓட்ட உதவும் ஸ்டாண்ட்) மாட்டி ஒரு மணி நேரம் குனிந்தே மிதியுங்கள். ட்ரெய்னரில் சைக்கிள் ஆடாது, அதனால் குறை சீக்கிரமே வெளிப்படும். ஒரு மணி நேரம் தாங்கினால் இரண்டு, அப்புறம் மூன்று.

பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை கியரை ஒன்றிரண்டு கடினமாக்கி, எழுந்து நின்று 20-30 விநாடி மிதியுங்கள். வலித்த பிறகு எழுந்தால் பாதிப் பலன்தான், ஆகவே வாட்சில் அலாரம் வைத்துவிடுங்கள். டயரைக் கல்லு மாதிரி அடிக்காதீர்கள். 70 கிலோ ஆளுக்கு 28 மி.மீ. டயரில் 70-75 பி.எஸ்.ஐ. போதும். அதிர்வு குறைந்தால் சீட்டில் வரும் அடியும் குறையும்.

எலும்பு படும் இரண்டு புள்ளியில் முதல் இரண்டு மூன்று வாரம் வலிப்பது சகஜம், பழகிவிடும். ஒரே பக்கத் தொடை மட்டும் உரசினால் சீட் திரும்பியிருக்கிறதா, ஷூவைப் பெடலோடு பூட்டும் கிளீட் இரண்டும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பாருங்கள். மரத்துப்போவது மட்டும் பழக வேண்டிய விஷயம் இல்லை. உடனே எழுந்து நில்லுங்கள், வீட்டுக்கு வந்ததும் சாய்வை மாற்றுங்கள். இறங்கிய பிறகும் உணர்வு திரும்பாவிட்டாலோ, திரும்பத் திரும்ப வந்தாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும், கூச்சப்படுகிற விஷயமல்ல.

ஓட்டி முடித்ததும் ஈர பேடோடு காவேரிப்பட்டணம் டீக்கடை பெஞ்சில் அரை மணி நேரம் அரட்டை அடித்தால், அடுத்த நாள் மயிர்க்காலில் சின்னச் சின்னக் கட்டி கிளம்பும். கூட ஒரு லுங்கி வைத்திருந்து முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். கட்டி வந்துவிட்டால் பிதுக்காமல், ஆறும்வரை சைக்கிளைத் தொடாமல் ஓட்டப் பயிற்சியும் நடையும் போதும். பேடைச் சோப்புப் போட்டு அலசி, உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி வெயிலில் காயப்போடுங்கள்.

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது சீட், பேட், பூச்சு எதையும் மாற்றக் கூடாது. விமானத்திலோ பஸ்ஸிலோ சைக்கிளைக் கழற்றி எடுத்துப் போகிறவர்கள், மாட்டியபின் டேப் குறியையும் ரசமட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.