பிள்ளையின் முதல் வண்டியாகப் பழைய எஸ்யூவி: பார்த்து வாங்குவது எப்படி?

ஓட்டக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு முதல் வண்டி என்றதும் பெற்றோர் பலருக்கு எஸ்யூவிதான் நினைவுக்கு வருகிறது. உயரமாக இருக்கிறது, கனமாக இருக்கிறது, யாராவது வந்து மோதினாலும் உள்ளே இருப்பவருக்கு அடி குறைவாகப் படும் என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கு பாதி சரி. இரண்டு வண்டிகள் மோதும்போது கனமானதில் இருப்பவருக்குச் சாதகம் உண்டுதான். ஆனால் புதிதாக ஓட்டுபவர்கள் விபத்தில் சிக்குவது எதிரே வருபவர் மோதி மட்டுமல்ல. வளைவுக்குள் வேகமாக நுழைந்துவிடுவார்கள். குறுக்கே எதையோ கண்டு பதறி ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பிவிடுவார்கள். உயரமான வண்டி காலை வாருவது அந்த நொடியில்தான்.

காரணம் எளிது. வண்டியின் எடை மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, சக்கரங்களுக்கு இடையிலான அகலம் எவ்வளவு குறைவோ, அவ்வளவு சுலபமாக அது சாயும். ஆகவே பழைய எஸ்யூவி வாங்கும்போது தேடல் கம்பெனிப் பெயரிலோ நிறத்திலோ தொடங்கக் கூடாது. கீழே உள்ள முதல் படியில் தேறாத வண்டியை நேரில் போய்ப் பார்க்கவே வேண்டாம்.

படி 1: இஎஸ்சி இருக்கிறதா?

எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல், சுருக்கமாக இஎஸ்சி. ஸ்டியரிங் திரும்பியிருக்கும் பக்கம் ஒன்று, வண்டி உண்மையில் போகும் பக்கம் வேறொன்று என்று சென்சார்கள் கண்டுபிடித்தால், இது தானாகவே குறிப்பிட்ட ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போட்டு, என்ஜின் வேகத்தையும் குறைத்து, வண்டியைப் பாதைக்குள் இழுத்து வரும். ஓட்டுபவர் பதறிப்போயிருக்கும் நேரத்தில் இந்த வேலையை மனிதக் காலால் செய்ய முடியாது, ஏனென்றால் நமக்கு இருப்பது ஒரே பிரேக் பெடல்.

1995 வாக்கில் விலை உயர்ந்த கார்களில் வந்த இந்த வசதி, அமெரிக்காவில் 2012 மாடல் ஆண்டிலிருந்து எல்லாப் புதிய கார்களிலும் எஸ்யூவிகளிலும் கட்டாயமானது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 நவம்பரிலிருந்து. உங்கள் நாட்டு விதி எந்த ஆண்டிலிருந்து என்று பார்த்துவிட்டு, அதற்கு முந்தைய வண்டி என்றால் தனியாக விசாரியுங்கள். ஒரே மாடலில் விலை கூடிய வேரியன்ட்டில் மட்டும் இஎஸ்சி இருந்த காலம் அது. கம்பெனிக்குக் கம்பெனி இதன் பெயரும் மாறும்: இஎஸ்பி, விஎஸ்சி, டிஎஸ்சி என்று பல.

நேரில் உறுதி செய்ய ஒரு வழி உண்டு. சாவியைத் திருப்பி, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் டேஷ்போர்டைப் பாருங்கள். பின்னால் நெளிநெளிக் கோடுகளோடு ஒரு கார் படம் மஞ்சளில் எரியும். அதோடு, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸின் விளக்கும் காற்றுப்பை விளக்கும் எரியும். வண்டி ஸ்டார்ட் ஆனதும் சில நொடிகளில் இவை அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லையென்றால் அதைவிட மோசம்: அந்த வசதியே இல்லாமல் இருக்கலாம், அல்லது கோளாறை மறைக்க யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம்.

இஎஸ்சிக்கு அடுத்து, ஜன்னல் ஓரமாக மேலிருந்து இறங்கும் பக்கவாட்டுத் திரைக் காற்றுப்பைகள். வண்டி உருளும்போது தலையைக் காப்பவை இவைதான். கதவுத் தூண்களின் மேல்பக்கத்தில் காற்றுப்பை என்ற முத்திரை இருக்கிறதா பாருங்கள். ஒரு எச்சரிக்கை: விபத்துச் சோதனை நட்சத்திரங்களை ஒப்பிடும்போது ஒரே அளவு, ஒரே காலத்து வண்டிகளைத்தான் ஒப்பிட வேண்டும். சோதனைகள் காலப்போக்கில் கடினமாகிக்கொண்டே வந்திருக்கின்றன. பழைய ஐந்து நட்சத்திரமும் புதிய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல.

படி 2: எதை ஒதுக்குவது?

உயர்த்திக் கட்டிய வண்டியை ஒதுக்குங்கள். சஸ்பென்ஷனை ஏற்றி, பெரிய டயர் மாட்டி, மேலே கேரியர் வைத்து நிற்கும் வண்டிமேல்தான் பிள்ளைகளின் கண் முதலில் போகும். என் அக்கா மகனும் அப்படி ஒன்றைக் காட்டி ஒற்றைக்காலில் நின்றான். ஏற்கெனவே உயரத்தில் இருக்கும் எடை மையத்தை இன்னும் மேலே தூக்கிய வண்டி அது. கம்பெனி எந்த உயரத்தை வைத்து இஎஸ்சியைச் சரிப்படுத்தியதோ, அந்த உயரமும் அதில் இல்லை. வேண்டாம் என்றதும் மூன்று நாள் பேசவில்லை, அப்புறம் சரியாகிவிட்டான்.

அதிகக் குதிரைத்திறன் என்ஜினும் வேண்டாம். மூன்றாம் வரிசை இருக்கையையும் யோசித்துக்கொள்ளுங்கள். பதின்வயது ஓட்டுநரோடு அதே வயதுக் கூட்டம் ஏறும்போது விபத்து ஆபத்து கூடுகிறது என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். ஏழு சீட் இருந்தால் ஏழு பேர் ஏறத்தான் செய்வார்கள்.

படி 3: பணத்தைப் பிரித்து வையுங்கள்

கையில் உள்ள தொகை முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடாதீர்கள். நான் கால் பங்கைத் தனியே எடுத்து வைக்கச் சொல்வேன். டயர், பிரேக் பேடு, பேட்டரி, எல்லா ஆயில்களும் என்று முதல் மாதத்திலேயே செலவு வரும். எஸ்யூவி டயர் சின்னக் கார் டயரைவிட விலை கூட. அதோடு, பிள்ளையின் பெயரைச் சேர்த்தால் காப்பீடு எவ்வளவு ஆகும் என்று வண்டியை முடிவு செய்வதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். வாங்கிய பிறகு கேட்டு அதிர்ந்தவர்கள் உண்டு.

படி 4: 17 எழுத்து

ஒவ்வொரு வண்டிக்கும் 17 எழுத்தும் எண்ணும் கலந்த அடையாள எண் உண்டு. முன்கண்ணாடியின் அடிப்பகுதி, ஓட்டுநர் கதவுத் தூண், சேஸிஸ், பதிவுப் புத்தகம் என்று எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் ஒரே எண்தானா என்று எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் கிளம்பிவிடலாம்.

இதே எண்ணைக் கம்பெனித் தளத்திலோ அரசுத் தளத்திலோ போட்டால், பாதுகாப்புக் குறைக்காக அந்த வண்டி திரும்ப அழைக்கப்பட்டிருக்கிறதா என்று தெரியும். பழைய வண்டிக்கு இது சும்மா ஒரு சடங்கு அல்ல. டகாட்டா நிறுவனத்தின் காற்றுப்பைகளில் பையை விரியவைக்க இருந்த அமோனியம் நைட்ரேட் என்ற வேதிப்பொருள், ஆண்டுக்கணக்கில் வெப்பமும் ஈரமும் பட்டுக் கெட்டுப்போய், அதை அடைத்திருந்த உலோகக் கூடு வெடித்து உலோகச் சில்லுகளை முகத்தில் அடித்தது. பல கம்பெனிகளின் கோடிக்கணக்கான வண்டிகள் இதற்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. மாற்றாமல் விட்ட வண்டிகள் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. மாற்றித் தருவது இலவசம், கேட்டு வாங்க வேண்டியது மட்டும்தான் நம் வேலை.

படி 5: குளிர்ந்த என்ஜின், பகல் வெளிச்சம்

விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்: நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். நான் பார்த்த ஒரு வண்டியில் பானெட் தோசைக்கல் மாதிரி சுட்டது. "சும்மா கழுவத்தான் எடுத்தேன்" என்றார். குளிர்ந்த என்ஜின்தான் உண்மை பேசும். முதல் ஸ்டார்ட்டில் உலோகம் கிடுகிடுக்கும் சத்தம் வந்து ஓரிரு நொடிக்கு மேலும் நீடித்தால் என்ஜினுக்குள் இருக்கும் டைமிங் செயின் தளர்ந்திருக்கலாம். புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் எரிபொருள் அதிகம் போகிறது. வெள்ளைப் புகை என்ஜின் சூடான பிறகும் நிற்காமல் இனிப்பு வாடையோடு வந்தால் என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் உள்ளே கசிகிறது. அதைச் சரிசெய்ய என்ஜினைப் பிரிக்க வேண்டிவரும்.

ஆயில் மூடியின் உள்பக்கம் மோர் நிறத்தில் பிசுபிசுப்பு இருந்தாலும் அதே சந்தேகம்தான். குறுந்தூரமே ஓடிய வண்டியிலும் இது வரும் என்பதால், இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். செயினுக்குப் பதிலாக, வால்வுகளை இயக்க டைமிங் பெல்ட் உள்ள என்ஜின் என்றால் எப்போது மாற்றினார்கள் என்று பில்லோடு கேளுங்கள். பல என்ஜின்களில் சுமார் 1,00,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஓடும்போது அறுந்தால் நிறைய என்ஜின்களில் பிஸ்டன் மோதி வால்வு வளைந்துவிடும். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு வைத்து விலை பேசுங்கள்.

படி 6: குனிந்து பாருங்கள்

எஸ்யூவியில் ஒரு சௌகரியம், ஜாக்கி இல்லாமலே அடியில் எட்டிப் பார்க்கலாம். பழைய எஸ்யூவிகள் பல ஏணி போன்ற தனிச் சேஸிஸ்மேல் பாடி உட்கார்ந்தவை. அந்தச் சட்டம் துருப்பிடித்து அரித்திருந்தால் பாடி எவ்வளவு பளபளத்தும் பயனில்லை. டார்ச் அடித்து, ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டுங்கள். கணீரென்றால் சரி, சொத சொதவென்று சத்தம் வந்தாலோ பொருக்கு உதிர்ந்தாலோ வேண்டாம். அடியில் மட்டும் புதிதாகக் கெட்டிக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தால் எதை மூடியிருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.

வெள்ளத்தில் நின்ற வண்டியைப் பிடிக்க, சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். மேலே உள்ள பகுதி சுத்தமாக இருக்கும், உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக்கோடு தெரியும். ஸ்டெப்னி வைக்கும் குழியையும் பார்க்கலாம்.

டயர் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் நிறைய இருந்தாலும் பத்து ஆண்டு தாண்டிய ரப்பர் வேண்டாம், ஸ்டெப்னிக்கும் இதே விதி. நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும் வண்டி என்றால் நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானம்தானா என்றும் பாருங்கள். வித்தியாசம் இருந்தால், சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் என்ற கியர்த் தொகுதி ஓயாமல் உராய்ந்து தேய்ந்திருக்கலாம்.

படி 7: ஓட்டிப் பாருங்கள்

அரை மணி நேரமாவது, ரேடியோவை அணைத்துவிட்டு. சமமான சாலையில் ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கிறதா? ஆளில்லாத இடத்தில் 60 கிலோமீட்டர் வேகத்தில் அழுத்திப் பிரேக் பிடித்தால் நேராக நிற்கிறதா? ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து மெதுவாக வட்டமடித்தால் டக் டக்கென்று சத்தம் வருகிறதா? வந்தால் முன் அச்சின் மூட்டு தேய்ந்துவிட்டது. ஆட்டோமேட்டிக் என்றால் கியர் மாறும்போது உதறலோ தயக்கமோ கூடாது.

தேவைக்கு மட்டும் நான்கு சக்கரத்துக்கு மாற்றும் வகையை மண்ணிலோ சரளையிலோ சோதியுங்கள். காய்ந்த தார்ச்சாலையில் அதைப் போட்டு வளைத்தால் கியர்கள் இறுகிப் பாழாகும். இதை மறக்காமல் பிள்ளைக்கும் சொல்லிவையுங்கள்.

பிள்ளையை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்துப் பார்ப்பதும் இந்தப் படியில்தான். பெடல் எட்ட வேண்டும், மார்புக்கும் ஸ்டியரிங்குக்கும் இடையே சுமார் 25 சென்டிமீட்டர் இடைவெளியும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து அமையாவிட்டால் அந்த வண்டி அந்தப் பிள்ளைக்கு இல்லை.

படி 8: வெளி மெக்கானிக்

விற்பவர் சொல்லும் ஆள் வேண்டாம், நீங்கள் கூலி கொடுக்கும் ஆள் வேண்டும். அவர் ஸ்கேனர் மாட்டும்போது பிழைக் குறியீடுகளோடு, வண்டியின் சுயசோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பல சோதனைகள் முடியாமல் நின்றால், செக் என்ஜின் விளக்கை அணைக்கச் சமீபத்தில் யாரோ குறியீட்டை அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். சில நாள் ஓட்டிய பிறகு திரும்பச் சோதிக்கலாம் என்று சொல்லிப் பாருங்கள். சம்மதிக்காத விற்பவரை விட்டுவிடலாம்.

படி 9: வாங்கிய வாரம்

சாவியைக் கொடுத்ததும் சாலைக்கு அனுப்பாதீர்கள். காலி மைதானத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஏபிஎஸ் வேலை செய்யும்வரை பிரேக்கை ஓங்கி மிதிக்கச் சொல்லுங்கள். பெடல் காலடியில் துடிக்கும். அதை முதல்முறை உணர்பவர்கள் பயந்து காலை எடுத்துவிடுவார்கள். எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும் என்பது இங்கே பழகிவிட வேண்டியது.

அப்புறம் வண்டிக்குப் பின்னால் முழங்கால் உயரத்துக்கு ஒரு வாளியை வைத்து, ஓட்டுநர் இருக்கையில் பிள்ளையை உட்காரவைத்துத் திரும்பிப் பார்க்கச் சொல்லுங்கள். தெரியாது. கண்ணில் படும்வரை வாளியைப் பின்னால் நகர்த்திக்கொண்டே போய், அந்த இடத்தில் தரையில் சாக்பீஸால் கோடு போடுங்கள். பிள்ளை இறங்கி வந்து, பம்பருக்கும் கோட்டுக்கும் நடுவே எத்தனை அடி என்று நடந்து எண்ணட்டும்.