கம்போடியாவில் ஆங்கிலம் கற்றுக்கொடுக்கப் போகிறவர்களுக்கு

முதலில் எங்கே போகக் கூடாது என்று சொல்லிவிடுகிறேன். கம்போடியாவில் அநாதை இல்லம் என்று பலகை மாட்டிய இடங்களில் வளரும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருக்கிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் வந்து நாலு நாள் பாடம் நடத்தி, படம் எடுத்துக்கொண்டு, நன்கொடை கொடுத்துவிட்டுப் போவதை நம்பியே இப்படிப்பட்ட இடங்கள் பல பெருகின. அந்தப் பக்கமே போகாதீர்கள். அரசுப் பள்ளி, இல்லையென்றால் ஊர்க்காரர்களே நடத்தும் மாலை வகுப்பு, இதில் ஒன்றைத் தேடுங்கள். நீங்கள் யார், போலீஸ் சான்றிதழ் இருக்கிறதா என்று எதுவுமே கேட்காமல் நாளைக்கே வரச் சொல்கிற இடம் பிள்ளைகளைப் பற்றி அக்கறையில்லாத இடம்.

சுற்றுலா விசாவில் போகாதீர்கள், அதை ஒரு முறைதான் நீட்டிக்க முடியும். ஈ (E) வகை விசா எடுத்தால் அங்கே போய் ஆறு மாதம், ஒரு வருடம் என்று நீட்டித்துக்கொள்ளலாம். வேலை அனுமதி யார் பொறுப்பு என்பதைக் கிளம்பும் முன்பே பள்ளியோடு பேசி முடித்துவிடுங்கள்.

டாலரும் ஓடும், அவர்கள் நாட்டுப் பணமான ரியலும் ஓடும். ஒரு டாலருக்குச் சுமார் 4000 ரியல், சில்லறை ரியலில்தான் வரும். டாலர் நோட்டில் சின்னக் கிழிசல் இருந்தாலும் கடைக்காரர் வாங்கமாட்டார்.

சாப்பாடு மூன்று வேளையும் சோறு, அந்த வகையில் நமக்குக் கவலையில்லை. சைவம் என்றால் கொஞ்சம் சிரமம்தான், ஏனென்றால் இறைச்சி வேண்டாம் என்று சொன்னாலும் மீன் சாறோ, பிரஹோக் என்கிற புளிக்கவைத்த மீன் விழுதோ குழம்பில் சேர்ந்துவிடும். தங்கும் வீட்டில் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மழைக்காலத்தில் டெங்கு அதிகம், கொசுவலை கட்டாயம். தோளும் முழங்காலும் மூடிய உடை போடுங்கள், செல்லமாகக்கூட எந்தப் பிள்ளையின் தலையையும் தொடாதீர்கள், அங்கே அது மரியாதைக் குறைவு. ஏப்ரல் நடுவில் நமக்குப் புத்தாண்டு வரும் அதே நாட்களில் அவர்களுக்கும் புத்தாண்டு, பள்ளிக்கு லீவு, அப்போது பாடத்திட்டம் எதுவும் போட்டுவைக்காதீர்கள்.

சரி, வகுப்புக்கு வருவோம். அந்த ஊர் மொழியான கெமர் பேசும் பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொல்லின் கடைசி மெய்யெழுத்து விழுங்கப்பட்டுவிடும். நைஸ், நைன், நைட் மூன்றுமே 'நை' என்றுதான் கேட்கும். நூறு முறை கோரஸாகச் சொல்லவைத்தாலும் மாறாது. மூன்று சொற்களையும் மூன்று தாளில் எழுதி மூன்று சுவரில் ஒட்டுங்கள், நீங்கள் ஒன்றைச் சொன்னதும் பிள்ளைகள் அந்தச் சுவருக்கு ஓடவேண்டும். அப்புறம் ஒரு மாணவியைச் சொல்லவிடுங்கள். அவள் கடைசி ஒலியை விழுங்கினால் வகுப்பு ஆளுக்கொரு பக்கம் சிதறும், நீங்கள் திருத்தவே வேண்டாம், அவளே திரும்ப அழுத்திச் சொல்வாள்.

கெமரில் வினைச்சொல் காலத்துக்கேற்ப மாறாது. அதனால் இலக்கண அட்டவணையில் ஆரம்பிக்காமல் நேற்று, இன்று, நாளை என்ற சொற்களில் ஆரம்பியுங்கள், அவர்களுக்குப் பழகிய வழி அது.

நம் உச்சரிப்பைப் பற்றிய தயக்கம் வேண்டவே வேண்டாம். கம்போடியாவும் சேர்ந்திருக்கும் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் அலுவல் மொழி ஆங்கிலம். இந்தப் பிள்ளைகள் நாளைக்குப் பேசப்போவது பெரும்பாலும் தாய்லாந்துக்காரரோடும் வியட்நாம்காரரோடும்தான். நிதானமாக, தெளிவாகப் பேசினால் போதும்.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது, அங்கே ஏற்கெனவே இருக்கும் ஆசிரியர். நீங்கள் வந்துவிட்டீர்கள் என்று அவர் வகுப்பைவிட்டு வெளியே போனால் நீங்கள் ஊர் திரும்பிய மறுநாள் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அவருக்கு இலக்கணம் நன்றாகவே தெரிந்திருக்கும், பேசத்தான் கூச்சம். அவர் கெமரில் விளக்கட்டும், பேச்சுப் பயிற்சியை நீங்கள் பாருங்கள், முந்தின நாள் சாயங்காலம் ஐஸ் காப்பி குடித்துக்கொண்டே இருவரும் உட்கார்ந்து பாடத்தைத் திட்டமிடுங்கள், அவருடைய ஆங்கிலமும் அங்கேதான் பழகும். கிளம்பும் தேதியைப் பிள்ளைகளிடம் முதல் வாரமே சொல்லிவிடுங்கள். கடைசி வாரம் அந்தச் சுவர் விளையாட்டை அவர் நடத்தட்டும், நீங்கள் கடைசி பெஞ்சில் உட்காருங்கள்.