சேலை நிறம் ஃபோட்டோவில் மாறுகிறதா? பிரிவியூவைப் பார்த்துக்கொண்டே கேமராவைத் திருத்தலாம்

எங்கள் மாடி வீட்டு அக்கா வாட்ஸ்அப்பில் சேலை விற்கிறார். போன மாதம் ஒரு சேலை திரும்பி வந்துவிட்டது. "ஃபோட்டோல நல்ல நீலம், பிரிச்சுப் பார்த்தா வாடாமல்லி. ஏமாத்திட்டீங்களே"ன்னு வாங்கினவங்க திட்டு வேறு. அக்கா ஏமாற்றவில்லை, ஃபோன்தான் ஏமாற்றியது. எடுத்த பிறகு எடிட்டிங் ஆப்பில் மல்லுக்கட்டுவதைவிட, க்ளிக் செய்வதற்கு முன்பே திரையில் தெரியும் படத்தில், அதாவது பிரிவியூவில், சரிசெய்துவிடுவது சுலபம். அன்று அக்காவுக்குக் காட்டிக்கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தொடங்கும் முன்

லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள். பாதி 'மங்கல்' அதிலேயே போய்விடும்.

அடுத்தது, கண்ணுக்கு இதமாகத் திரையை மஞ்சளாக்கும் வசதி ஃபோனில் ஆனில் இருந்தால் அணைத்துவிடுங்கள். நான் ஒரு சாயங்காலம் அரை மணி நேரம் நிறத்தைத் திருத்திவிட்டு, மறுநாள் காலையில் பார்த்தால் எல்லாப் படமும் நீலம் பூசினமாதிரி இருந்தது. மஞ்சளாக இருந்தது சேலை இல்லை, என் திரை.

ஒரே வகை வெளிச்சத்தில் எடுங்கள். ஜன்னலோரம் எடுப்பதாக இருந்தால் டியூப் லைட்டை அணையுங்கள். ஒரு பக்கம் பகல் வெளிச்சம், மறுபக்கம் மஞ்சள் பல்பு என்று இருந்தால் எந்த செட்டிங்கும் இரண்டையும் சேர்த்துச் சரிசெய்யாது.

படி 1: புரோ மோடுக்குப் போங்கள்

பல ஆண்ட்ராய்டு ஃபோன்களில் கேமரா ஆப்பிலேயே 'புரோ' என்று ஒரு மோட் இருக்கும், சிலதில் 'மோர்' என்பதற்குள் ஒளிந்திருக்கும். இல்லையென்றால் பிளே ஸ்டோரில் 'ஓப்பன் கேமரா' கிடைக்கிறது. இலவசம், ஓப்பன் சோர்ஸ். அதன் செட்டிங்ஸில் 'கேமரா ஏபிஐ' என்பதை 'கேமரா2 ஏபிஐ' என்று மாற்றினால்தான் ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது என்ற அளவு), ஷட்டர் (வெளிச்சத்தை எவ்வளவு நேரம் உள்ளே விடுகிறது என்ற அளவு) எல்லாம் நம் கைக்கு வரும். ஃபோன் அனுமதிக்காவிட்டால் அந்தத் தேர்வே தெரியாது. அப்போதும் இங்கே சொல்லும் படி 2 மட்டும் வேலை செய்யும், அதுவே பெரிய உதவிதான்.

படி 2: தொட்டு ஃபோகஸ், பிறகு வெளிச்சம்

பிரிவியூவில் சேலையின் பார்டரைத் தொடுங்கள். ஃபோகஸ் அங்கே நிற்கும். பல ஃபோன்களில் விரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். ஐஃபோனிலும் அப்படித்தான். பக்கத்தில் வரும் சூரியப் படத்தை மேலே கீழே இழுத்தால் வெளிச்சம் கூடும், குறையும்.

இந்த வெளிச்ச ஸ்லைடருக்குப் பெயர் ஈவி. +1 என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம், −1 என்றால் பாதி. கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் அளவு வெளிச்சமாகவே காட்டப் பார்க்கும். அதனால்தான் கறுப்புச் சேலை வெளுத்துப்போய் வருகிறது, சந்தன நிறச் சேலை அழுக்காகத் தெரிகிறது. கறுப்பு, அரக்கு என்றால் ஈவியைக் கொஞ்சம் குறையுங்கள். வெள்ளை, சந்தனம் என்றால் கொஞ்சம் கூட்டுங்கள். முறையே −0.7, +0.7 என்று வைத்து, திரையைப் பார்த்து நகர்த்துங்கள்.

ஜரிகைதான் அளவுகோல். பார்டரில் நெய்த அன்னப்பறவையின் கழுத்து தனியாகத் தெரிகிறதா, அல்லது எல்லாம் ஒரே வெள்ளைத் திட்டாக உருகிவிட்டதா? உருகியிருந்தால் ஸ்லைடரை மெதுவாக இறக்குங்கள். கழுத்து திரும்பிவரும் இடத்தில் நிறுத்துங்கள். வெளுத்துப்போன ஜரிகையை எந்த எடிட்டிங் ஆப்பும் மீட்டுத் தராது.

படி 3: ஐஎஸ்ஓ, ஷட்டர்

ஐஎஸ்ஓவை 100க்கோ அதற்குப் பக்கத்திலோ வையுங்கள். கூடினால் துணியின் இழைமேல் மணல் தூவினமாதிரி புள்ளி வரும். இருட்டாக இருந்தால் ஐஎஸ்ஓவைக் கூட்டாமல் ஷட்டரை மெதுவாக்குங்கள் (1/100 நொடியிலிருந்து 1/50 நொடிக்கு என்பதுபோல). கையில் பிடித்து எடுத்தால் 1/50ஐவிட மெதுவாகப் போகாதீர்கள், ஸ்டாண்டில் வைத்தால் எவ்வளவும் போகலாம்.

இரவில் எடுக்கும்போது பிரிவியூவில் கறுப்புப் பட்டைகள் நகர்கின்றனவா? ஃபோன் ரிப்பேர் இல்லை. நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. ஷட்டரை 1/100 அல்லது 1/50 என்று வைத்தால் பட்டை மறைந்துவிடும். 1/500 என்று மாற்றிப் பாருங்கள், திரும்பி வரும். இந்த ஒன்றைக் காட்டியபோதுதான் அக்காவுக்கு முழு நம்பிக்கையே வந்தது.

ஒரு எச்சரிக்கை: ஷட்டரை அரை நொடி, ஒரு நொடி என்று வைத்தால் சில ஆப்களில் பிரிவியூ இருட்டாகவே இருக்கும், படம் வெளிச்சமாக வரும். அங்கே மட்டும் திரையை நம்பாமல் ஒரு படம் எடுத்துப் பாருங்கள்.

படி 4: வொயிட் பேலன்ஸ், வாடாமல்லி நீலமாகும் இடம்

வெள்ளை வெள்ளையாகத் தெரிய ஃபோன் செய்யும் நிறத் திருத்தம்தான் வொயிட் பேலன்ஸ். அதை ஆட்டோவில் விட்டால் சேலைக்குச் சேலை ஃபோன் தன் இஷ்டத்துக்கு நிறத்தை மாற்றும். திரை முழுக்கச் சிவப்புப் பட்டு இருந்தால், வெளிச்சமே சிவப்பு என்று நினைத்து அதைக் குறைக்கப் பார்க்கும்.

சேலைமேல் ஒரு வெள்ளை ஏ4 தாளை வையுங்கள். வொயிட் பேலன்ஸை மேனுவலாக்கினால் கெல்வின் எண் (வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வரும். பகல் வெளிச்சத்துக்கு 5500, மஞ்சள் பல்புக்கு 3000 என்று ஆரம்பியுங்கள். எண்ணைக் கூட்டினால் படம் மஞ்சளாகும், குறைத்தால் நீலமாகும். தாள் தாளாகவே வெள்ளையாகத் தெரியும் வரை நகர்த்துங்கள். பிறகு தாளை எடுத்துவிட்டு, சேலையைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து ஒப்பிடுங்கள். வாடாமல்லி, கத்திரிப்பூ நிறங்கள் அப்போதும் லேசாக நீலம் பக்கம் சாயலாம். 200, 300 கெல்வின் கூட்டிப் பாருங்கள்.

வெளிச்சம் மாறாதவரை அதே எண்ணில் இருபது சேலையும் எடுத்துவிடலாம். மேகம் மூடினால் திரும்பவும் தாள்.

வீடியோ என்றால் ரெக்கார்ட் பட்டனை அழுத்தும் முன்பே எல்லாவற்றையும் பூட்டிவிடுங்கள். நடுவில் ஸ்லைடரைத் தொட்டால் சேலை பாதியில் நிறம் மாறும்.

மயில் கழுத்து நிறத்துக்கு மட்டும் இதெல்லாம் போதாது. பாவு (நீளவாட்டு நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) ஒரு நிறம், மடிப்புக்கு மடிப்பு மாறுவதுதான் அதன் அழகே. அக்கா இப்போது அதற்கு ஃபோட்டோ போடுவதில்லை. முந்தானையை ஜன்னலோரம் ஒருமுறை மெதுவாக வீசி, பத்து நொடி வீடியோவாக அனுப்பிவிடுகிறார்.