சர்க்கரை இல்லாத மின்ட் வாங்கும்போது

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். பொருள் பட்டியலில் அதிகம் சேர்த்ததுதான் முதலில் வரும். அது சைலிட்டால் என்ற இனிப்பூட்டி என்றால் நல்லது. சொத்தைக் கிருமிகளால் அதை அமிலமாக்க முடியாது. சார்பிட்டால் என்ற இன்னொரு இனிப்பூட்டியை அவை மெதுவாக அமிலமாக்கும், ஆனாலும் சர்க்கரைக்கு எவ்வளவோ தேவலாம். எலுமிச்சை, ஆரஞ்சுச் சுவை வேண்டாம்: பெரும்பாலும் சிட்ரிக் அமிலம் இருக்கும், சர்க்கரையே இல்லாவிட்டாலும் பல்லின் மேலுறையான எனாமலை அரிக்கும்.

சாப்பிட்டதும் ஒன்றை வாயில் அடக்கிக்கொள்ளுங்கள். கடித்தால் அடைத்த பல் பெயர்ந்துவிடலாம். பல்லைக் காப்பதில் ஊறும் எச்சில்தான் பாதி வேலையைச் செய்கிறது. ஒரே நாளில் டப்பாவைக் காலி செய்தால் வயிறு உப்பி, பேதியாகும். நாய் வளர்க்கிற வீடா? சைலிட்டால் அதற்கு விஷம். எட்டாத உயரத்தில் வையுங்கள்.

மின்ட் கரைந்ததுமே வாய் வாடை திரும்பினால், நாக்கின் பின்பகுதியில் படியும் வெள்ளையைத் தினமும் வழித்தெடுங்கள். ஈறில் ரத்தமும் கசிந்தால் பல் டாக்டரிடம் போங்கள்.