பேருந்து எதிலும் மோதாமலேயே நாம் அடிபடுவது எப்படி?

பேருந்தில் ஆபத்து என்றதும் நம் கண்முன் வருவது மோதல், கவிழ்தல், தீ. செய்திகளில் வருவதும் அவைதான். ஆனால் நகரப் பேருந்துகளில் பயணிகள் எப்படிக் காயமடைகிறார்கள் என்று பல நாடுகளில் ஆராய்ந்தவர்கள் சொல்வது வேறு. பல நேரங்களில் வண்டி எதன்மீதும் மோதுவதில்லை, ஒரு கீறல்கூட விழுவதில்லை, ஆனாலும் உள்ளே ஒருவர் விழுந்து கையையோ இடுப்பையோ உடைத்துக்கொள்கிறார். சடன் பிரேக், திடீர்ப் புறப்பாடு, வளைவு, ஏறுவது, இறங்குவது, இவ்வளவுதான் காரணங்கள். அதிகம் விழுபவர்கள் வயதானவர்கள், அவர்களிலும் பெண்கள்.

என் பெரியம்மாவுக்கு நடந்தது அப்படித்தான். தான் இறங்க வேண்டிய நிறுத்தம் வரப்போகிறது என்று முன்கூட்டியே எழுந்துவிட்டார், ஒரு கையில் பை, இன்னொரு கையில் குடை, கதவை நோக்கி நாலு அடி நடந்திருப்பார், குறுக்கே ஒரு பைக் வர டிரைவர் பிரேக்கை மிதித்தார். பைக்கில் வந்தவருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பேருந்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. பெரியம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. டிரைவர் செய்தது சரிதான், மிதிக்காவிட்டால் ஒரு உயிர் போயிருக்கும். அப்போதிருந்து பேருந்தில் ஏறினால் நான் முதலில் பார்ப்பது யார் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள் என்பதைத்தான்.

கணக்கு எளிது. 40 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 11 மீட்டர், கிட்டத்தட்ட ஒரு முழுப் பேருந்தின் நீளம். உள்ளே சும்மா நிற்கும் நாமும் அதே வேகத்தில்தான் போய்க்கொண்டிருக்கிறோம், காற்று முகத்தில் அடிக்காததால் அது நமக்குத் தெரிவதில்லை. அந்த வேகத்தில் வரும் வண்டி இரண்டே நொடியில் நின்றால், 60 கிலோ எடையுள்ள ஒருவரை முன்பக்கமாகத் தள்ளும் விசை சுமார் 34 கிலோ எடைக்குச் சமம். ஒரு பெரிய மூட்டையை யாரோ முதுகில் சாய்த்ததுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு விரலால் கம்பியைத் தொட்டுக்கொண்டு நின்றால் இதைத் தாங்க முடியாது. எதையும் பிடிக்காமல், கால் பலத்தை மட்டும் நம்பி நிற்பவருக்கோ இதில் கால்வாசி விசை வந்தாலே தடுமாற்றம்தான்.

அதனால் நான் முதலில் சொல்லும் தவறு, ஓடும் வண்டியில் இருக்கையை விட்டுச் சீக்கிரம் எழுவது. இறங்கத் தாமதமானால் வண்டி கிளம்பிவிடுமோ என்ற பயம்தான் நம்மை எழுப்புகிறது, அந்தப் பயம் நியாயமானதும்கூட. ஆனால் அதற்கு வழி முன்னாலேயே எழுந்து நடப்பது அல்ல. பட்டன் இருந்தால் முன்னாலேயே அழுத்திவிடுங்கள், இல்லையென்றால் உட்கார்ந்தபடியே குரல் கொடுங்கள், வண்டி முழுதாக நின்றபிறகு எழுங்கள். மூட்டு வலி உள்ளவர்கள், தடி வைத்திருப்பவர்கள், கர்ப்பிணிகள், கண் சரியாகத் தெரியாதவர்கள் ஏறும்போதே "நான் இந்த நிறுத்தத்தில் இறங்கணும், மெதுவாத்தான் இறங்குவேன்" என்று டிரைவரிடமோ கண்டக்டரிடமோ சொல்லிவைக்கலாம். அப்படிச் சொல்வதில் கூச்சப்பட எதுவுமில்லை. கூட்டத்தினால் முன்னாலேயே நகர்ந்துதான் ஆக வேண்டும் என்றால், வண்டி சிக்னலில் நிற்கும்போது நகருங்கள், பிரேக் பிடிக்கும்போது நகராதீர்கள்.

ஏறும்போதும் இதே கதைதான். படியில் கால் வைத்ததும் நம் கண் காலி இருக்கையைத் தேடும், கை கைப்பேசியையோ டிக்கெட்டையோ தேடும், அதற்குள் வண்டி கிளம்பிவிடும். கிளம்பும்போது கால் வண்டியோடு முன்னால் போகிறது, உடல் பின்தங்குகிறது, மனிதர் மல்லாந்து விழுகிறார், பின்தலை அடிபடுகிறது. காசோ அட்டையோ எடுப்பதை நிறுத்தத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள், ஒரு கையைக் காலியாக வைத்துக்கொண்டு ஏறுங்கள். உள்ளே நடக்கும்போது அடுத்த கம்பியை ஒரு கை பிடித்தபிறகே முந்தைய கம்பியை மற்றக் கை விடட்டும். பைகளை இரண்டு கையிலும் பிரித்துத் தூக்கி வருபவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். எல்லாவற்றையும் ஒரே தோள்பையில் போட்டுக்கொள்வது எவ்வளவோ மேல்.

நிற்பதிலும் ஒரு முறை இருக்கிறது. பெரும்பாலோர் முன்பக்கம் பார்த்து இரண்டு காலையும் சேர்த்து வைத்து நிற்கிறார்கள், பிரேக் விசை வருவதும் அதே முன்-பின் திசையில்தான், அந்தத் திசையில் அவர்களுக்கு இருக்கும் தாங்கல் ஒரு பாதத்தின் நீளம் மட்டுமே. ஜன்னலைப் பார்த்துப் பக்கவாட்டில் திரும்பி, கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி நின்று பாருங்கள், அதே குலுக்கலில் உடல் எவ்வளவு நிதானமாக இருக்கிறது என்பது உடனே தெரியும். மேலே தொங்கும் வார் கைப்பிடி ஆடும், அதோடு சேர்ந்து நாமும் ஆடுவோம். செங்குத்துக் கம்பி கிடைத்தால் அதை மார்பு உயரத்தில் முழுக் கையால் சுற்றிப் பிடிப்பது நல்லது. முதுகுப்பையைக் கழற்றி முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். பின்னால் கனம் இழுத்தால் புறப்பாட்டில் விழுவது எளிது, அப்புறம் நாம் திரும்பும்போதெல்லாம் உட்கார்ந்திருப்பவர் முகத்தில் அது இடிக்கும். டிரைவருக்குப் பக்கத்தில் முன்கண்ணாடியை ஒட்டி நிற்க வேண்டாம். நீங்கள் நிற்கும் இடத்தில்தான் அவருக்குப் பக்கக் கண்ணாடி தெரிய வேண்டியிருக்கும்.

சரி, உட்கார இடம் கிடைத்துவிட்டது. இனி பயமில்லை என்று நினைப்பதும் தவறுதான், குறிப்பாகக் கடைசி வரிசையில். பின்சக்கரங்களுக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி அது, வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கும்போது ஒரு நெம்புகோலின் முனைபோல அந்த இடம்தான் அதிகம் தூக்கி அடிக்கும். இருக்கையிலிருந்து அரை அடி எழும்பி 'தொப்'பென்று விழுந்ததில் கீழ்முதுகு எலும்பு நசுங்கி முறிந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களிலேயே பதிவுகள் உண்டு. எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள், முதுகு வலிக்காரர்கள், கர்ப்பிணிகள் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் உள்ள இருக்கைகளைத் தேர்ந்தெடுங்கள். வேறு வழியில்லாமல் பின்னால் உட்கார நேர்ந்தால், வேகத்தடை வரும்போது முன்னிருக்கைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதங்களைத் தரையில் அழுத்தி ஊன்றிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, முன்னிருக்கையின் இரும்புக் கம்பியில் நெற்றியைச் சாய்த்துத் தூங்குவது. களைப்பில் எல்லோரும் செய்வதுதான், நானும் செய்திருக்கிறேன். ஆனால் திடீர் பிரேக்கில் பல்லும் மூக்கும் உடைவது அந்தக் கம்பியில்தான். தலையைப் பின்னால் சாய்த்துத் தூங்குங்கள். ஜன்னலுக்கு வெளியே முழங்கையை வைக்காதீர்கள், வாந்தி வருகிறது என்று தலையையும் நீட்டாதீர்கள். எதிரே வரும் லாரிக்கும் நம் வண்டிக்கும் இடையே சில சமயம் ஒரு சாண் இடைவெளிதான் இருக்கும். பயணத்தில் குமட்டல் வருபவர்கள் ஒரு பையை மடித்து வைத்துக்கொண்டால் போதும். தொலைதூரப் பேருந்தில் சீட் பெல்ட் இருந்தால் அது எல்லோருக்கும் உரியது, முன்வரிசைக்கு மட்டும் என்றில்லை.

குழந்தையை மடியில் வைத்தால் பத்திரம் என்ற நம்பிக்கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாதாரணக் குலுக்கலில் மடி போதும். ஆனால் 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி எதன்மீதாவது மோதி ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றால், 10 கிலோ குழந்தையைப் பிடித்து வைக்க 110 கிலோவுக்கு மேல் தாங்கும் பலம் வேண்டும். எந்தத் தாயின் கையிலும் அது இல்லை. எனவே முன்கண்ணாடிக்கு நேர் பின்னால் உள்ள இருக்கையிலும் கதவுக்கு எதிரே தடுப்பில்லாத இருக்கையிலும் குழந்தையோடு உட்காராதீர்கள். ஏறும்போது குழந்தை முதலில், பெரியவர் பின்னால். இறங்கும்போது பெரியவர் முதலில் இறங்கித் திரும்பி நின்று குழந்தையை வாங்கிக்கொள்ளட்டும். இறங்கியதும் குழந்தை சாலைப் பக்கம் ஓடுவதை இது ஒன்றே பெரிதும் தடுக்கும்.

படிக்கட்டில் தொங்குவதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று தோன்றலாம். 30 கிலோமீட்டர் வேகத்தில் படியிலிருந்து தரையில் விழுபவரின் உடலில் உள்ள வேகம், மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது கிடைக்கும் வேகத்துக்குச் சமம். ஒரு மாடியிலிருந்து குதிப்பதும் அதுவும் ஒன்று, ஒரே வேறுபாடு, பக்கத்திலேயே பின்சக்கரம் வந்துகொண்டிருக்கிறது. ஓடும் வண்டியில் ஏறுவதும் இறங்குவதும் இதே கணக்குதான். 'மெதுவாத்தானே போகுது' என்று நமக்குத் தோன்றும் வேகத்தில் கால் தரையைத் தொட்டதும் நின்றுவிடும், உடல் நிற்காது. தானாக மூடும் கதவு என்றால் தொங்கும் துணி, பையின் வார், இயர்போன் வயர் இவற்றைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். கை மாட்டினால் திறந்துகொள்ளும் கதவுகள்கூட மெல்லிய வாரை உணராமல் போகலாம்.

இறங்கிய பிறகுதான் பலர் உயிரையே விடுகிறார்கள். நின்றிருக்கும் பேருந்தின் முன்னால் நுழைந்து சாலையைக் கடப்பதைவிட ஆபத்தானது வேறில்லை என்பேன். உயரத்தில் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு வண்டியின் மூக்குக்குக் கீழே நிற்பவர் தெரியாமல் போகலாம், பேருந்தை முந்த வரும் வாகனத்துக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள், உங்களுக்கும் அது தெரியாது. பின்பக்கமாகச் சுற்றினாலும் எதிர்ப்புறம் வரும் வண்டி மறைந்திருக்கும். அரை நிமிடம் பொறுங்கள், பேருந்து போகட்டும், சாலை இரண்டு பக்கமும் கண்ணுக்குத் தெரிந்தபிறகு கடந்து செல்லுங்கள். கீழே எதாவது விழுந்து சக்கரத்துக்கு அருகே உருண்டால் குனிந்து எடுக்காதீர்கள், டிரைவருக்குத் தெரியப்படுத்தாமல் கிட்டேயே போக வேண்டாம்.

நிறுத்தத்தில் காத்திருப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேருந்து திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன தடத்தில் வருவதில்லை, வளைவின் உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அதேபோல் நிறுத்தத்தை விட்டு ஒடித்துக் கிளம்பும்போது வால்பகுதி நடைபாதைப் பக்கம் வீசும். போதாததற்கு நீட்டிக்கொண்டிருக்கும் பக்கக் கண்ணாடி சரியாக ஒருவரின் தலை உயரத்தில் வரலாம். சாலை விளிம்பில் நின்று எட்டிப் பார்க்காமல் ஓர் எட்டு உள்ளே தள்ளி நில்லுங்கள்.

தீ அரிது, ஆனால் பிடித்தால் நேரம் இருக்காது. உட்கார்ந்ததும் அவசர வழி எங்கே, கண்ணாடி உடைக்கும் சுத்தியல் எங்கே என்று ஒரு தடவை கண்ணை ஓட்டிவிடுங்கள், அவ்வளவு போதும். காற்றழுத்தத்தில் இயங்கும் கதவு என்றால் அதன் மேலேயோ பக்கத்திலோ அவசரக் கைப்பிடி இருக்கும். அதைத் திருப்பினால் காற்று வெளியேறும், பிறகு கதவைக் கையால் தள்ளித் திறக்கலாம், வண்டி நின்றபிறகு மட்டும். ஜன்னலை உடைக்க வேண்டியிருந்தால் நடுவில் அடித்துச் சோர்ந்து போகிறவர்கள்தான் அதிகம். உறுதி கூட்டிய (டெம்பர்டு) அந்தக் கண்ணாடி நடுவில் வளைந்து கொடுக்கும், மூலையில் கூர்மையாக ஓர் அடி விழுந்தால் பொடிப்பொடியாக உதிரும். முன்கண்ணாடியில் இதை முயல வேண்டாம், இரண்டு கண்ணாடிக்கு நடுவே ஒட்டுத்தாள் இருப்பதால் விரிசல்விடுமே தவிர உதிராது. புகைக்குக் கீழே குனிந்து போங்கள். பையை எடுக்கத் திரும்பாதீர்கள். இருக்கைகளுக்கு நடுவே உள்ள வழியில் பையைத் தேடி நிற்கும் ஒருவர் பின்னால் நிற்கும் எல்லோரையும் தடுக்கிறார்.

கடைசியாக, விழுந்தபிறகு செய்யும் தவறு. கூச்சத்தில் சட்டென்று எழுந்து "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடுகிறோம். விழுந்தவரை உடனே இழுத்துத் தூக்காதீர்கள். இடுப்பிலோ கழுத்திலோ வலி என்றால் அப்படியே இருக்கவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். தலையில் அடிபட்டு, பிறகு வாந்தி, தூக்கக் கலக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி, பேச்சுக் குழறல் இவற்றில் எது வந்தாலும் மருத்துவமனைதான். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் தலையில் அடிபட்டால், அறிகுறி எதுவும் இல்லாவிட்டாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள், மூளைக்குள் கசிவு சில மணிநேரம் கழித்துக்கூடத் தெரியவரலாம். கிளம்பும் முன் பேருந்தின் எண், நேரம், பக்கத்தில் இருந்த யாராவது ஒருவரின் தொடர்பு எண், இந்த மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சிகிச்சைச் செலவுக்கோ புகாருக்கோ பின்னால் கேட்பது இவற்றைத்தான், அப்போது தேடினால் கிடைக்காது.